மேடையில் பேச்சு, பலகையில் படம்: கொங்கு வட்டாரக் கூட்டங்களில் நேரடி ஓவியராகத் தொடங்குவோருக்கு

கோவை கொடிசியா வளாகத்தில் ஒரு தொழில் மாநாடு, பெருந்துறையில் கல்லூரிக் கருத்தரங்கு, உடுமலைப் பக்கம் தென்னை விவசாயிகள் கூட்டம். இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பேச்சை எழுத்தும் படமுமாகப் பெரிய பலகையில் ஏற்றித் தருவதுதான் நேரடி ஓவியரின் வேலை. 1970-களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் டேவிட் சிபெட் போன்றவர்கள் இதை ஒரு தொழிலாக வளர்த்தெடுத்தார்கள். இங்கே ஈவென்ட் கம்பெனிக்காரர்கள் 'லைவ் இல்லஸ்ட்ரேஷன்' என்றோ 'கிராஃபிக் ரெக்கார்டிங்' என்றோ கேட்பார்கள். கல்யாண வரவேற்பில் விருந்தாளிகளின் முகத்தை ஐந்து நிமிடத்தில் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பதையும் சிலர் இதே பேரில் கேட்பதுண்டு. அது வேறு வேலை. போன் வந்ததும் எதைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுவார்கள். ஒரு முகத்துக்கு நிழல் போட்டு முடிப்பதற்குள் பேச்சாளர் மூன்று விஷயத்தைத் தாண்டிப் போயிருப்பார். இந்த வேலையில் காதுக்கு முக்கால் பங்கு, கைக்குக் கால் பங்குதான். டீ இடைவேளையில் எழுந்து வருகிறவர் பலகை முன்னால் ஒரு நிமிடம் நின்று, காலையில் என்ன பேசினார்கள் என்று பக்கத்து ஆளுக்குச் சொல்ல முடிந்தால் பலகை தேறிவிட்டது என்று அர்த்தம்.

பயிற்சி: பட்டிமன்றத்தில் தொடங்குங்கள்

பழகுவதற்குப் பட்டிமன்றத்தை விட நல்ல களம் இல்லை. இரண்டு அணி, ஒவ்வொருவருக்கும் அளவான நேரம், கடைசியில் தீர்ப்பு என்று அமைப்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கும். நகைச்சுவைக்கு நடுவே வாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிரித்தெடுக்கக் காது பழகும். ஒரு ஏ3 தாள், ஒரே ஒரு கருப்புப் பேனா, 20 நிமிடப் பேச்சு. மொத்தம் 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது, ஐந்து படங்களுக்கு மேல் போடக் கூடாது. மறுநாள் அந்தப் பேச்சைக் கேட்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, பேச்சில் என்ன இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுக்கி நிற்கும் இடம்தான் நீங்கள் காதில் விட்ட இடம்.

அடுத்த கட்டம் உங்கள் ஊர்க் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே ஒருவர் பேசி முடிப்பதற்குள் நாலு பேர் குறுக்கே பேசுவார்கள். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, நூறு நாள் வேலை எல்லாம் ஒரே மூச்சில் வரும். வரிசையில்லாத பேச்சை இனம் பிரித்துப் போடக் கற்றுக்கொள்ள இதுதான் இடம். காகிதத்தை நாலு பாகமாக மடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பேச்சையும் அதனதன் கட்டத்தில் போடுங்கள். எந்தக் கட்டத்திலும் சேராதது வந்தால் ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அன்றைக்கு முக்கியமான விஷயம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

மேசையில் பழகிய கை சுவரில் நின்று எழுதும்போது ஏமாற்றும். வரி வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கும். மணிக்கட்டால் எழுதுவதும், நின்ற இடத்திலேயே நின்று கையை மட்டும் நீட்டுவதும்தான் காரணம். தோளிலிருந்து கையை அசைத்து, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து எழுதுங்கள். லேசான பென்சில் கோடு முன்கூட்டியே போட்டு வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படங்களின் கையிருப்பு

யோசிக்காமல் பத்து விநாடிக்குள் வரையக்கூடிய 60 படங்களாவது கையில் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பொதுவான படங்களை மனப்பாடம் செய்து வந்தால் இந்த வட்டாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பம்பு செய்கிறவர்கள் நிறைந்த கோவை அரங்கில், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்குகிற சப்மெர்சிபிள் என்றால் ஒல்லியான நீள உருளை, தரையில் உட்கார்கிற மோனோபிளாக் என்றால் மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருக்கிற குட்டையான உருவம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் அதற்குப் பிறகு உங்கள் பலகையை யாரும் நம்ப மாட்டார்கள். திருப்பூரில் வீட்டுத் தையல் மிஷினை வரையாதீர்கள். பவர் டேபிளில் வரிசையாக மிஷின்கள், ஓவர்லாக்குக்கு மேலே நூல் கண்டுகள், பக்கத்தில் கட்டுக் கட்டாகத் துணி என்று போட்டால் பனியன் கம்பெனிக்காரர் கண்ணுக்கு உடனே பிடிபடும். ஈரோட்டில் மஞ்சள் பேச்சு வந்தால் விரலியும் கிழங்கும் வேறு வேறு உருவம். பவானி ஜமக்காளம் என்றால் அகலப் பட்டைகள், தறி குழித்தறி. விசைத்தறியைப் போட்டால் கைத்தறி நெசவாளர் கூட்டத்தில் அது அவமானமாகவே படும். பொள்ளாச்சி தென்னைக் கூட்டத்தில் கடற்கரைத் தென்னை மாதிரி வளைத்து வரையாமல், நிமிர்ந்த மரமாக வரிசை நடவில் போடுங்கள். ரூகோஸ் வெள்ளை ஈ பற்றிப் பேசினால் ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக வெள்ளை, மேல்பக்கத்தில் கரும்பூசணம். பாதிப்பைப் பார்த்த விவசாயிக்கு அந்த ஒரு ஓலையே போதும்.

கட்சிச் சின்னங்களை மறக்காதீர்கள். 'நம்பிக்கை' என்றதும் இரண்டு மலைக்கு நடுவே உதிக்கிற சூரியன், 'இயற்கை' என்றதும் இரண்டு இலையோடு முளைத்த செடி. வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் எல்லாம் சொல்லித் தருவது இதைத்தான். தமிழ்நாட்டு மேடையில் இரண்டுமே வாக்குச் சீட்டு. உள்ளங்கை, தாமரை, டார்ச் லைட்டுக்கும் இதே கதிதான். சேலம் என்றால் மாம்பழம் வரையத்தான் தோன்றும், அதுவும் சின்னமே. செடிக்கு மூன்று இலை போடுங்கள், சூரியனை மலையிலிருந்து பிரித்து உச்சி வானத்துக்கு ஏற்றுங்கள். நிறத்திலும் கவனம் வேண்டும். கருப்பும் சிவப்பும் மட்டும் கொண்ட பலகை தூரத்திலிருந்து கட்சிக் கொடி மாதிரி தெரியும். கருப்புக்குத் துணையாக நீலப்பச்சை, ஆரஞ்சு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட காலத்தில் அரசு சார்ந்த நிகழ்ச்சி என்றால் பலகையை மாட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்து

படம் சுமாராக இருந்தாலும் பலகை பிழைத்துக்கொள்ளும். எழுத்து புரியவில்லை என்றால் பிழைக்காது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி, முன்னால் கொம்பு எல்லாம் இருப்பதால் அடிப்படை எழுத்தின் உயரத்தையே இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு 3 அங்குலம், முக்கியக் கருத்துக்கு ஒன்றரை, விவரத்துக்கு முக்கால் அங்குலம். முக்காலுக்குக் கீழே எழுதத் தோன்றினால் அந்தச் செய்தி பலகைக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்துக்காகச் செய்த தட்டை முனை மார்க்கர் தமிழுக்கு ஒத்துவராது. 'ண', 'ணை', 'ஞ', 'ஐ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கருப்புப் புள்ளியாகிவிடும். உருண்டை முனை வாங்குங்கள். புள்ளியை வட்டமாக இல்லாமல் அழுத்தமான பொட்டாக வையுங்கள், வட்டம் போட்டால் தூரத்திலிருந்து சுழியாகத் தெரியும். வரி முடிவில் இடம் போதாமல் 'மே' என்பதில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழுவது புதியவர்கள் எல்லோருக்கும் நடக்கிறது. எழுதத் தொடங்கும் முன்பே சொல்லை எங்கே உடைப்பது என்று தீர்மானியுங்கள்: 'நீர்' ஒரு வரி, 'மேலாண்மை' அடுத்த வரி.

தமிழ் வாக்கியம் நீளும். "கழிவுத் தண்ணிய மறுபடி சுத்தம் பண்ணி நம்ம சாயப்பட்டறையிலயே உபயோகப்படுத்திக்கோணுங்க" என்று பேச்சாளர் சொன்னால் பலகையில் 'கழிவுநீர்', ஓர் அம்பு, 'மீண்டும் சாயத்துக்கு'. வினைமுற்றை விட்டுவிட்டு அம்பை வேலை வாங்குங்கள். ஸ்லைடு ஆங்கிலத்திலும் பேச்சு தமிழிலும் ஓடினால், அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதையே எழுதுங்கள். 'எக்ஸ்போர்ட்', 'ஜாப் ஒர்க்', 'லோன்' என்பதற்கெல்லாம் அகராதிச் சொல் தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

பலகை, தாள், மை

ஃப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் 8-க்கு 4 அடி, 5 மி.மீ. சன் போர்டு எடை குறைவு, தூக்கிப் போக வசதி. அதன் மேலேயே நேராக வரைந்தால் சிக்கல். அது பிளாஸ்டிக் பரப்பு என்பதால் தண்ணீர் மை ஒட்டாமல் திரளும், முழங்கை பட்டாலே இழுபடும். அதன் மேல் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டட வரைபடம் பிரிண்ட் எடுக்கும் கடையில் 36 அங்குல அகல 80 ஜி.எஸ்.எம். ரோல் கிடைக்கும். திருப்பூரில் 'கட்டிங் மார்க்கர்' (துணி வெட்டுவதற்கான அளவுப் படம்) பிரிண்ட் எடுக்கும் பிளாட்டர் தாள் இதை விட அகலமாகவே கிடைக்கும், ஆனால் மெல்லியது. பழகுவதற்கு மலிவாக முடியும், நிகழ்ச்சிக்கு வேண்டாம். ஈர மை பட்டதும் அலை அலையாகச் சுருங்கும்.

பெர்மனென்ட் மார்க்கர் மெல்லிய தாளில் ஊறிப் பின்பக்கம் வரும். ஏசி அறையில் அதன் வாடை முன்வரிசைக்காரர்களுக்குத் தலைவலி. தண்ணீர் மை மார்க்கர்தான் சரி. நியூலாண்ட் வகைகள் மை நிரப்பிக்கொள்ளக்கூடியவை, விலை கூடுதல். தொடக்கத்தில் உள்ளூர்க் கடையில் கிடைக்கிற தண்ணீர் மை மார்க்கர்களே போதும், ஒரே வகையாக வாங்கினால் நிறம் மாறாது. அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால் போஸ்கா மாதிரி பெயின்ட் மார்க்கர் ஒன்று. ஒயிட்போர்டு மார்க்கரைப் பையிலேயே வைக்காதீர்கள். அது தாளுக்கானது இல்லை, அவசரத்தில் கைக்கு அதுதான் வரும்.

ஒரு முழு நாளுக்கு: கருப்பு மார்க்கர் 4 (இரண்டு மெல்லியது, இரண்டு பருமன்), சாம்பல் 2, வேறு நிறம் மூன்றில் தலா 1. நிழலுக்கு எப்போதும் சாம்பல்தான், அதுவே சுமாரான கோட்டையும் எடுப்பாகக் காட்டும். ஓர் அங்குல மாஸ்கிங் டேப் 2 ரோல், பெரிய பைண்டர் கிளிப் 10, 24 அங்குல இரும்பு ஸ்கேல், கட்டர், பசைக்குச்சி, அதே தாளின் வெட்டுத் துண்டுகள், ஈரத்துணி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிரவுன் டேப்பைச் சுவரில் ஒட்டினால் பெயின்டோடு உரியும், மண்டபத்துக்காரர் கணக்கு கேட்பார்.

வெளியரங்குக் கூட்டங்களுக்குத் தாளை விடக் காடா துணி நல்லது. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிகளில் ஓடுவதே அதுதான். கஞ்சியோடு இருக்கிற காடாவில் மை குறைவாகப் பரவும், துவைத்ததில் கோடு கம்பளிப்பூச்சியாக விரியும். மரச் சட்டத்தில் விறைப்பாக ஆணியடித்து, அக்ரிலிக் பெயின்டும் தட்டைத் தூரிகையுமாக வரையுங்கள். முதலில் ஓரத்தில் ஒரு கோடு போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் காற்று ஒரு தனிப் பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி, ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதியில் எட்டடிப் பலகை பாய்மரம். அதைச் சாமியானா கம்பத்தில் கட்டாதீர்கள், கம்பமே ஆடிக்கொண்டிருக்கும். ஃப்ளெக்ஸ் மாட்டும் இரும்புச் சட்டத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு காலுக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒவ்வொன்று கட்டி, பந்தலின் மேற்குப் பக்கத் தட்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். கல்யாண மண்டபத்துக்குள் இதே வேலையைப் பெடஸ்டல் ஃபேன் செய்யும். எந்த ஃபேன் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வந்ததும் பாருங்கள்.

நிகழ்ச்சிக்கு முன் கேட்க வேண்டியவை

நிகழ்ச்சி நிரல், பேச்சாளர் பெயர்ப் பட்டியல், ஸ்லைடுகள் மூன்றும் இரண்டு நாள் முன்பே கையில் இருக்க வேண்டும். பெயர்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். இனிஷியல், பட்டம், ஒற்றுப்பிழை எதுவும் உங்கள் பொறுப்பாகாமல் அவர்கள் எழுதியபடியே ஏறட்டும். சிறப்பு விருந்தினரின் முகத்தை வரையலாமா என்று கேளுங்கள். வரையச் சொன்னாலும் கேலிச்சித்திரமாக வேண்டாம். மேடையில் அவரவர்க்கு என்ன வரிசையோ பலகையிலும் அதே வரிசை.

மேடைக்கு வலதோ இடதோ, பேச்சாளரை மறைக்காமல், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் இல்லாமல் இடம் கேளுங்கள். பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் குனியாமல் எழுதலாம். நாலடி உயரப் பலகை என்றால் மேல்விளிம்பு ஆறரை அடி. கை எட்டாதவர்கள் ஓர் அடி உயர முக்காலி கொண்டு போங்கள், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாதீர்கள். தனியாக ஒரு விளக்கு வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஸ்லைடுக்காக அரங்கத்தை இருட்டாக்கினால் சாம்பலும் நீலமும் ஒன்றாகத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விட்டதை நிரப்புவீர்கள் என்பதால் பந்தியில் உட்கார முடியாது. இலைச் சாப்பாடு போச்சே என்று வருந்தாமல் ஒரு பார்சலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் அமர்வு நடந்தால் இரண்டு ஓவியர் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனாலும் ஆள் மாற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். களைத்த காது மதியத்துக்கு மேல் எதையும் பிரித்துக் கேட்காது.

அன்றைய நாள்

ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். எட்டடிப் பலகையின் 96 அங்குலத்தைப் பென்சிலால் பிரியுங்கள். இடது ஓரம் 16 அங்குலம் தலைப்புக்கு, ஐந்து அமர்வுக்குத் தலா 14, வலது ஓரம் 10 அங்குலம் 'இனி செய்ய வேண்டியது' என்பதற்கு. கடைசி 10 அங்குலத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டத்தின் தீர்மானம் எப்போதும் ஐந்து மணிக்குத்தான் வரும், அப்போது இடம் இல்லாமல் மூலையில் நெருக்கி எழுதிய பலகைகள் ஏராளம்.

பத்து மணி நிகழ்ச்சி பத்து மணிக்குத் தொடங்காது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி உங்களுக்குக் கிடைத்த கொடை. தலைப்பு, தேதி, இடம், பெயர்கள், ஊர்ச் சின்னம் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிடலாம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மட்டும் மார்க்கரை மூடி வைத்துவிட்டு நில்லுங்கள். சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் மூன்றாவது அமர்வு முதலில் வரும். அதனால் அமர்வுத் தலைப்புகளை முன்கூட்டியே மையால் எழுதாதீர்கள். சின்னத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள், இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பேச்சு தொடங்கியதும் கையை உடனே ஓட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் கேட்க மட்டும். கையில் ஒரு சின்ன நோட்டு, அதில் கிறுக்கல். "மூணு விஷயம் சொல்றேனுங்க" என்றால் உடனே மூன்று இடம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் மூன்றாவதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், இடைவேளையில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "ஆனா", "உண்மை என்னன்னா", "நம்ம பக்கத்துல" என்று குரல் மாறுகிற இடங்களில்தான் சரக்கு இருக்கும். பேசுவதற்கும் நீங்கள் வரைவதற்கும் இரண்டு மூன்று நிமிட இடைவெளி இருப்பது சரியான அளவு. பத்து நிமிடம் பின்தங்கிவிட்டால் பழையதைத் துரத்தாமல், அந்த இடத்தில் ஒரு வெற்று வட்டம் போட்டுவிட்டு நடப்புப் பேச்சுக்கு வந்துவிடுங்கள்.

எண்களில் தவறு வந்தால் மன்னிப்பு கிடையாது. கேட்டதும் நோட்டில் அலகோடு குறியுங்கள்: ஏக்கரா, ஹெக்டேரா, லட்சமா, கோடியா. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. சந்தேகம் இருந்தால் எண்ணுக்கு இடம் விட்டு, இடைவேளையில் பேச்சாளரிடமே சரிபார்த்து எழுதுங்கள்.

அத்திக்கடவு அவிநாசித் திட்டம் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டம். பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி., காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு. புதியவர் செய்வது: இடதுபுறம் ஆறு, அங்கிருந்து வலதுபுறம் அம்பு, கடைசியில் குளம். பார்க்க அழகாக இருக்கும், ஊர்க்காரருக்கு ஒட்டாது. ஈரோட்டுப் பக்கம் கிழக்கு, அன்னூர் மேற்கு. தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே, மேட்டை நோக்கி ஏறுகிறது. வலது கீழ் மூலையில் அணைக்கட்டைப் போட்டு, இடது மேல் பக்கமாக ஆறு படிக்கட்டு வரையுங்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு பம்பு. படிகளிலிருந்து கிளைக்கிற மெல்லிய கோடுகளின் நுனியில் சின்னச் சின்ன நீள்வட்டங்கள், பக்கத்தில் பெரிதாக '1,045'. உபரி நீர் வந்தால்தான் ஓடும் என்பதைக் காட்ட அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிகிற மாதிரி இரண்டு கோடு. எழுத்து எட்டுச் சொல்லுக்குள் அடங்கிவிடும். "எங்க குட்டைக்கு இன்னும் வரலீங்க" என்று அரங்கிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னால், ஒரு நீள்வட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். அதே தாளின் துண்டை அளவாக வெட்டி, பசைக்குச்சியால் ஒட்டி, மேலே எழுதுங்கள். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. வெள்ளைத் திருத்த மை ஃபோட்டோவில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்க் கூட்டங்களில்

மகளிர் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், குளம் தூர்வாரும் கூட்டம் போன்றவற்றில் மேடை என்று ஒன்று இருக்காது. பலகையை ஓரத்தில் வைத்தால் அது அலங்காரம் ஆகிவிடும், நடுவில் கொண்டு வாருங்கள். பேசியவரையே பார்த்து, "நான் போட்டது சரிங்களா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் எழுந்து வந்து விரலால் காட்டித் திருத்துவார்கள். 'மதகு இந்தப் பக்கம்', 'வாய்க்கால் இப்படித் திரும்பும்' என்று அப்படி வருகிற திருத்தம்தான் பலகைக்கு மதிப்பு. 'எங்க காட்டுல சோளம் போட்டிருக்கேன்' என்பவர் மானாவாரி நிலத்தைச் சொல்கிறார், மரங்களை அடுக்கிவிடாதீர்கள்.

ஒருவர் சொன்ன குறையை அவர் பெயரோடு எழுதவே கூடாது, முகச் சாயலும் வேண்டாம். திருப்பூரில் தொழிலாளர் கூட்டத்தில் வரைந்த பலகையின் ஃபோட்டோ அன்று மாலைக்குள் முதலாளி போனுக்குப் போய்விடும். ஆடை, நெற்றிக்குறி, மீசை இவற்றை வைத்துச் சாதியையோ மதத்தையோ அடையாளம் காட்டுகிற மாதிரி உருவங்கள் போடாதீர்கள். உருண்டைத் தலையும் கோட்டு உடம்பும் போதும். ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இருக்கும் கூட்டத்தில் தலைப்பை இந்தியிலும் எழுதித் தர ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதைப் படமே பார்த்துக்கொள்ளும்.

ஐபேடில் வரைவதானால்

புரொகிரியேட் என்ற வரையும் செயலியில் 3840-க்கு 2160 பிக்சல் கேன்வாஸ், கோடு, நிறம், எழுத்து மூன்றுக்கும் தனித்தனி லேயர். எச்.டி.எம்.ஐ. இணைப்போடு சார்ஜும் ஏற்றக்கூடிய அடாப்டர் வாங்குங்கள். ஒரே ஓட்டைதான் என்பதால் சார்ஜ் இல்லாமல் நடுவில் நிற்பது வழக்கமான விபத்து. வயர்லெஸ் இணைப்பை நம்ப வேண்டாம், 500 போன்கள் இருக்கும் அரங்கில் அது தடுமாறும். நோட்டிஃபிகேஷன்களை அணைக்க மறந்தால் உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பை மாநாடே படிக்கும். மேடையில் எல்.இ.டி. சுவர் இருந்தால் வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசவைக்கும், மெல்லிய கோடு புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோகும். வெளிர் சாம்பல் பின்னணியில் பருமனான கோடாகப் போடுங்கள். எழுத்தின் உயரம் திரையில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம்.

ஐபேடில் பிழையைத் திருத்துவது எளிது, அதுவே ஆபத்தும். திருத்திக்கொண்டே இருந்தால் பேச்சு போய்விடும். அரங்கில் கூட்டம் சுற்றி நின்று பார்க்க வேண்டுமென்றால் பலகை, மறுநாள் ரிப்போர்ட்டில் படம் போக வேண்டுமென்றால் ஐபேட்.

முடிந்த பிறகு: படம், பணம்

ஃபோட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளைத் திட்டு விழும். பலகையின் மையத்துக்கு நேராக நின்று நாலு மூலையும் அடங்க ஒன்று, பிறகு பகுதி பகுதியாக. அன்றிரவே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், பத்திரிகைக் குறிப்பும் முகநூல் பதிவும் அன்றைக்கே போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வெளிச்சமும் ஓரமும் சரிசெய்த நல்ல பிரதி மூன்று நாளில்.

கட்டணம் சொல்லும்போது நிகழ்ச்சி நாளை மட்டும் கணக்கிடுகிறவர்கள் கைநஷ்டப்படுவார்கள். ஸ்லைடுகள் படிக்க அரை நாள், நிகழ்ச்சி ஒரு நாள், படத்தைச் சரிசெய்ய அரை நாள். ஒரு நாள் நிகழ்ச்சி என்பது இரண்டு நாள் கூலி. பொருள் செலவு, பலகை ஏற்றிப்போகும் வண்டி வாடகை தனி. பாதி முன்பணம், நிகழ்ச்சி ரத்தானால் அது திரும்பாது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். "எக்ஸ்போஷர் கிடைக்குமுங்க" என்று சொல்கிறவர்களிடம் முதல் இரண்டு மூன்று பலகைக்கு வேண்டுமானால் சரி என்று சொல்லலாம், அதுவும் ஊர்நலக் கூட்டமாக இருந்தால்.

கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைத்தால், ஆண்டுத் தொகை வரம்பைத் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம். பிடித்த தொகை வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை.

உரிமை பற்றியும் பேசிவிடுங்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். படத்தை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ள அனுமதி, படத்தில் உங்கள் கையெழுத்து, அதை வேறு பொருளில் அச்சிட்டு விற்றால் தனிக் கட்டணம் என்று மூன்று வரி போதும். கூடவே மூலப் பலகை யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் என்றால் தாளைச் சன் போர்டிலிருந்து கழற்றி, வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி பட்டர் பேப்பரோடு சுருட்டிக் கொடுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் சுவரில் மாட்டும்போது ஓரங்கள் முன்பக்கம் மடங்கிக்கொண்டு நிற்கும். சுருட்ட அட்டைக் குழாய்க்கு அலைய வேண்டாம். எந்தத் துணிக்கடையிலும் ரோல் தீர்ந்த குழாய் மூலையில் சாய்ந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள்.